போகும் வேகம் வேறு, திரும்பும் வேகம் வேறு: சென்னைக் கடலில் மோட்டார் படகு ஓட்டப் போகிறவர்களுக்கு

படகு விற்றவர் கொடுத்த பிரவுச்சரில் "அதிகபட்ச வேகம் 30 நாட்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது (நாட் என்பது கடலில் வேகத்தை அளக்கும் அலகு). 19 அடி ஃபைபர் படகு, பின்னால் 115 குதிரைத் திறன் அவுட்போர்டு எஞ்சின். முதல் ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டிலிருந்து ஆறு பேர் கிளம்பினோம். தூண்டில்கள், ஐஸ் பெட்டி, 20 லிட்டர் தண்ணீர் கேன் இரண்டு, ஒரு அண்டா பிரியாணி. அலை தடுப்புச் சுவரைத் தாண்டி ஆக்சிலரேட்டரை முழுக்கத் தள்ளினேன். மூக்கு வானத்தைப் பார்த்தது, பின்பக்கம் தண்ணீருக்குள் உட்கார்ந்துகொண்டது, எஞ்சின் கத்தியது. படகு மட்டும் டவுன் பஸ் மாதிரிதான் போனது. கடைசியில் இரண்டு பேரை முன்னால் அணியத்தில் போய் உட்காரச் சொன்ன பிறகுதான் அது எழுந்தது. எழுந்தும் 19 நாட்டுக்கு மேல் போகவில்லை.

பக்கத்தில் வலை உதறிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் நாங்கள் கிளம்பும்போதே சொன்னார்: "போசொல்லோ நல்லாத்தான் போவும் தம்பி, வரசொல்லோ பாரு." அன்று மதியம்தான் புரிந்தது. 19 நாட்டில் போன படகு, 9 நாட்டில் திரும்பி வந்தது.

பிரவுச்சர் பொய் சொல்லவில்லை. ஒரு ஆள், கால் டேங்க் எரிபொருள், புது அடிப்பாகம், கண்ணாடி போன்ற தண்ணீர், குளிர்ந்த காற்று. அந்த நிலையில் எடுத்த எண் அது. நமக்குத் தேவை, மதியம் ஒரு மணிக்குக் கடற்காற்று வீசும்போது எல்லோரையும் ஏற்றிக்கொண்டு எத்தனை நாட்டில் வீடு திரும்பலாம் என்பது. அந்த எண்ணைக் கண்டுபிடிப்பது எப்படி என்று படிப்படியாகச் சொல்கிறேன்.

முதலில் எடையும் திறனும்

ஒரு நாட் என்றால் மணிக்கு 1.852 கிலோமீட்டர். கடலில் தூரமும் கடல் மைலில்தான், அதாவது 1,852 மீட்டர். கிலோமீட்டரில் யோசிக்கும் பழக்கத்தைக் கரையிலேயே விட்டுவிடுங்கள். வானிலை அறிவிப்பு, வரைபடம் எல்லாம் நாட்டில்தான் பேசும்.

உங்கள் படகு எவ்வளவு போக வேண்டும் என்பதைக் கடையிலேயே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். க்ரவுச் சூத்திரம் என்று ஒன்று உண்டு. குதிரைத் திறனை மொத்த எடையால், கிலோவில், வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 88 ஆல் பெருக்கினால் நாட்டில் விடை வரும். வேகமெடுத்ததும் தண்ணீர்ப் பரப்பில் சறுக்கி ஓடும் சாதாரணப் படகுக்கு இந்த 88 பொருந்தும். கனமான கேபின் படகுக்கு இன்னும் குறையும். என் படகு எஞ்சின், எரிபொருள், ஒரு ஆள் எல்லாம் சேர்த்து 1,200 கிலோ. 115 ஐ 1,200 ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 0.31, பெருக்கினால் 27 நாட். 30 எங்கே போனது என்று கேட்காதீர்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை ஆட்களும் சாமானுமாகக் கூடுதலாக 400 கிலோ. 1,600 கிலோவுக்கு 23.6 நாட்தான் வருகிறது. பிரியாணிக்கும் வேகத்தில் பங்கு உண்டு.

இந்தக் கணக்கில் இன்னொன்றும் தெரியும். எடை 10 சதவீதம் கூடினால் வேகம் ஏறக்குறைய 5 சதவீதம் குறையும். வேகத்தை இரட்டிப்பாக்க வேண்டுமென்றால் திறன் நான்கு மடங்கு வேண்டும். ஆகவே "அடுத்த சைஸ் எஞ்சின் போட்டுக்கோங்க சார்" என்று யாராவது சொன்னால், அதற்கு முன் படகுக்குள் கிடக்கும் பழைய நங்கூரம், ஈரக் கயிறு, அடியில் தேங்கிய தண்ணீர் ஆகியவற்றை வெளியே எடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. படகின் அடியில் 60 லிட்டர் தேங்கியிருந்தால் டிக்கெட் வாங்காத ஒரு ஆள் கூடவே வருகிறார் என்று பொருள்.

மூன்று நடைகள்

மோட்டார் படகுக்கு மூன்று நடை உண்டு. மெதுவாகப் போகும்போது தண்ணீரை விலக்கிக்கொண்டு போகிறது. அந்த நடைக்கு ஓர் உச்சவரம்பு இருக்கிறது: தண்ணீரைத் தொடும் நீளத்தை அடிக்கணக்கில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 1.34 ஆல் பெருக்கினால் வருவது. 17 அடிக்கு ஐந்தரை நாட். அதற்கு மேல் தள்ளினால் படகு தானே எழுப்பிய அலை மீது ஏற முயலும். இதுதான் இரண்டாவது நடை. மூக்கு தூக்கி, பின்பக்கம் அமுங்கி, முன்னால் எதுவும் தெரியாமல், பெட்ரோலைக் குடித்துக்கொண்டு நகர்வது. இதைத் தாண்டினால் அலை மேல் ஏறி, தண்ணீர்ப் பரப்பில் சறுக்க ஆரம்பிக்கும். என் அளவுள்ள படகுக்கு அது 12 முதல் 15 நாட்டுக்குள் நடக்கும். மூக்கு இறங்கும், ஸ்டீயரிங் லேசாகும், எஞ்சின் சத்தமே மாறும். ஒரு தடவை உணர்ந்துவிட்டால் பிறகு மீட்டரே பார்க்க வேண்டாம்.

புதியவர்கள் செய்யும் பெரிய தவறு, "மெதுவாகப் போனால் பெட்ரோல் மிச்சம்" என்று 9, 10 நாட்டில் போவது. காரில் சரி, படகில் தப்பு. என் குறிப்பேட்டிலிருந்து சொல்கிறேன். 5 நாட்டில் மணிக்கு 4 லிட்டர், அதாவது ஒரு கடல் மைலுக்கு 0.8 லிட்டர். 10 நாட்டில் மணிக்கு 15 லிட்டர், மைலுக்கு ஒன்றரை லிட்டர். 18 நாட்டில் மணிக்கு 19 லிட்டர், மைலுக்கு ஒன்றுக்குச் சற்று மேல். முழு வேகத்தில் 27 நாட், மணிக்கு 38 லிட்டர், மைலுக்கு 1.4. முழு வேகத்தைவிடவும் அதிகம் குடிப்பது அந்த இரண்டும்கெட்டான் பத்து நாட்தான். ஒன்று நிதானமாக ஐந்தில் போங்கள், இல்லையென்றால் எழுந்து பதினெட்டில் போங்கள்.

ப்ரொப்பெல்லரை விசாரியுங்கள்

எஞ்சின் கையேட்டில், ஆக்சிலரேட்டரை முழுக்கத் தள்ளினால் இத்தனை ஆர்பிஎம் வர வேண்டும் என்று இருக்கும். பெரும்பாலான நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின்களில் 5,000 முதல் 6,000 வரை. உங்கள் வழக்கமான ஆட்களோடு, வழக்கமான சுமையோடு போய் அந்த எண் வருகிறதா என்று பாருங்கள். எனக்கு 4,800 தான் வந்தது. விற்றவர்கள் 17 அங்குலப் பிட்ச் போட்டிருந்தார்கள். பிட்ச் என்பது ப்ரொப்பெல்லர் ஒரு சுற்றில் எவ்வளவு தூரம் முன்னே போக வேண்டும் என்ற அளவு. மேடேறும்போது வண்டியை நான்காவது கியரிலேயே ஓட்டுவது மாதிரிதான் இதுவும்: காலி படகில் பிரமாதமாகப் போகும், ஆறு பேர் ஏறினால் திணறும். 15 அங்குலத்துக்கு மாற்றினேன். ஓர் அங்குலம் குறைத்தால் 150 முதல் 200 ஆர்பிஎம் கூடும் என்பது பொதுவான கணக்கு. அதன்படியே 5,200 தொட்டது. எல்லாருக்கும் முன்னால் போய் உட்காரும் வேலை மிச்சம்.

நழுவல், அதாவது ப்ரொப்பெல்லர் தண்ணீரில் வழுக்குவதால் இழக்கும் வேகம், எவ்வளவு என்றும் பாருங்கள். ஆர்பிஎம்மைப் பிட்சால் பெருக்கி, கியர் விகிதத்தால் வகுத்து, மறுபடி 1,215 ஆல் வகுத்தால் நழுவலே இல்லாத வேகம் நாட்டில் வரும். நான் தனியாகப் போகும்போது 5,600 ஆர்பிஎம், 15 அங்குலம், 2.15 விகிதம்: 32 நாட். உண்மையில் கிடைத்தது 27. நழுவல் 16 சதவீதம், இந்த வகைப் படகுக்கு நல்ல எண். இது திடீரென்று 25, 30 என்று ஏறினால் இதழ் வளைந்திருக்கிறது, அல்லது ஏதோ சுற்றியிருக்கிறது. நம் கடலில் இரண்டாவதுதான் அதிகம். மழைக்காலத்தில் அடையாறும் கூவமும் திறந்துவிட்டால் ஆகாயத்தாமரை, பிளாஸ்டிக் பை, அறுந்த வலை எல்லாம் முகத்துவாரத்துக்கு வெளியே மிதக்கும். சந்தேகம் வந்தால் எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, பிறகு தூக்கிப் பாருங்கள்.

டிரிம்

எஞ்சினின் சாய்வை மாற்றும் பொத்தானை யாரும் புதியவருக்கு ஒழுங்காகச் சொல்லிக் கொடுப்பதில்லை. கிளம்பும்போது முழுக்க உள்ளே வைத்துக்கொள்ளுங்கள். மூக்கு தாழ்ந்து சீக்கிரம் சறுக்கலுக்கு வரும். வந்ததும் ஆக்சிலரேட்டரைத் தொடாமல், பொத்தானை ஒரு நொடி ஒரு நொடியாக வெளிப்பக்கம் அழுத்துங்கள். மூக்கு மெல்ல எழும், ஆர்பிஎம் கொஞ்சம் கூடும், ஜிபிஎஸ் வேகமும் கூடும். ஒரு கட்டத்தில் படகு டால்பின் மாதிரி மேலும் கீழும் குதிக்க ஆரம்பிக்கும். அங்கிருந்து கொஞ்சம் உள்ளே வாங்குங்கள், அதுதான் அன்றைய சரியான இடம். எதிர் அலை வந்தால் இன்னும் உள்ளே, மூக்கு அலையை வெட்டட்டும். பின்னாலிருந்து அலை வந்தால் சற்று வெளியே, மூக்கு முன் அலைக்குள் குத்தாமல் இருக்கட்டும்.

வெயில், பெட்ரோல், பாசி

இந்த மூன்றும் சேர்ந்து திருடுவதைத் தனித்தனியாகக் கண்டுபிடிப்பது கஷ்டம். மே மாதம் 38 டிகிரியில் காற்று லேசாகிவிடும். அதில் ஈரமும் சேர்ந்தால் எஞ்சினுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் குறைந்து, திறனில் சில சதவீதம் போய்விடும். பங்கில் இப்போது கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அதில் லிட்டருக்கு 6, 7 சதவீதம் ஆற்றல் குறைவு. அதைவிடத் தொல்லை, எத்தனால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்பது. பல அவுட்போர்டுகளுக்கு 10 சதவீதம் வரைதான் அனுமதி, கையேட்டைப் பாருங்கள். தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் கட்டாயம். மாதக்கணக்கில் டேங்கில் வைத்திருந்த பெட்ரோலோடு கடலுக்குப் போகாதீர்கள்.

படகைத் தண்ணீரிலேயே கட்டி வைத்தால், நம் வெதுவெதுப்பான கடலில் இரண்டு மூன்று வாரத்தில் அடியில் பாசியும் சின்னச் சின்னச் சிப்பியும் ஒட்டிக்கொள்ளும். கையால் தடவினால் உப்புத்தாள் மாதிரி இருக்கும். ஒரு தடவை ஒன்றரை மாதம் விட்டுவிட்டு எனக்கு 4 நாட் போனது. முடிந்தால் டிரெய்லரில் கரையேற்றி வையுங்கள்.

உங்கள் படகின் அட்டவணையை நீங்களே எழுதுங்கள்

காலை ஆறு, ஆறரைக்கு, காற்று எழுவதற்கு முன். கப்பல் பாதையை விட்டு விலகி, குறைந்தது ஐந்து பாகம் (சுமார் 9 மீட்டர்) ஆழத்தில், கரைக்கு இணையாக ஓடுங்கள். ஜிபிஎஸ் காட்டுவது தரைக்கு மேல் உள்ள வேகம், தண்ணீரில் உள்ள வேகம் அல்ல. நீரோட்டம் ஒன்றரை நாட் இருந்தால் ஒரு பக்கம் 28.5 என்றும் மறுபக்கம் 25.5 என்றும் காட்டும். வடக்கே ஓடிய எண்ணை மட்டும் நண்பர்களிடம் சொல்லிப் பெருமைப்படுபவர்கள் நிறைய. இரண்டு பக்கமும் ஓடி, இரண்டு வேகத்துக்கும் சராசரி எடுங்கள். 1,000 ஆர்பிஎம்மில் தொடங்கி 500, 500 ஆக ஏற்றி, ஒவ்வொன்றிலும் ஒரு நிமிடம் நிலையாக ஓட்டி எழுதுங்கள். ஒரு தடவை தனியாக, ஒரு தடவை முழுச் சுமையோடு.

முட்டுக்காட்டுக் காயலில் பழகுவது நல்லதுதான், ஆனால் அங்கே எடுத்த எண்ணைக் கடலுக்கு எடுத்துக்கொண்டு போகாதீர்கள். அங்கே அலையில்லை, ஆழமும் குறைவு. ஆழம் குறைந்த இடத்தில் மெதுவாகப் போகும் படகு இன்னும் மந்தமாகும், சறுக்கும் படகு கொஞ்சம் கூடுதலாகவே ஓடிக் காட்டும். எஞ்சினுக்குள் மணல் இழுக்கும் அபாயம் வேறு.

காற்றும் நீரோட்டமும்: எந்தத் திசையில் போவது

சென்னையில் ஓத ஏற்றம் பெரிதில்லை, ஒரு மீட்டர் அளவுதான். வேகத்தைத் தின்பது கரையோர நீரோட்டமும் கடற்காற்றும். நீரோட்டம் வருடத்தில் இரண்டு தடவை திசை மாறும். பிப்ரவரி, மார்ச் தொடங்கிக் கோடையில் தெற்கிலிருந்து வடக்கே. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வடக்கிலிருந்து தெற்கே. கோடையில் காலை கடல் அமைதி. பதினொன்று, பன்னிரண்டுக்கு மேல் தென்கிழக்கிலிருந்து கடற்காற்று. நகரத்தில் எல்லோரும் "அப்பாடா" என்று மூச்சுவிடும் அதே காற்றுதான் கடலில் நமக்கு அலையைக் கிளப்புகிறது.

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். கோடையில் காசிமேட்டிலிருந்து எண்ணூர், பழவேற்காடு பக்கம் வடக்கே போனால், போகும்போது நீரோட்டம் தள்ளிவிடும், காற்றும் இல்லை. சறுக்குமரம்தான். மதியம் திரும்பும்போது நீரோட்டமும் எதிர், காற்றும் எதிர், அலையும் எதிர். எங்கள் முதல் பயணம் இதுதான். அதே கோடையில் தெற்கே, கோவளம் பக்கம் போயிருந்தால், காலையில் நீரோட்டத்தை எதிர்த்து அமைதியான கடலில் போய், மதியம் இரண்டும் பின்னால் தள்ள வந்திருக்கலாம். மழைக்காலத்தில் இந்தக் கணக்கைத் திருப்பிப் போட வேண்டும், ஆனால் அந்த மாதங்களில் புதியவர் கடலுக்குப் போகாமல் இருப்பதே மேல்.

ஜூன், ஜூலை காலைகளில் கச்சான், அதாவது மேல்காற்று, வேறு மாதிரி ஏமாற்றும். காற்று கரையிலிருந்து வீசுவதால் கரையோரம் தட்டையாகத் தெரியும். ஐந்து மைல் உள்ளே போனால்தான் அலை வளர்ந்திருப்பது தெரியும். திரும்பும் வழி முழுக்க எதிர்க்காற்று.

பின் அலை என்றால் சுகம் என்றும் நினைக்காதீர்கள். நாலு, ஐந்து வினாடிக்கு ஒன்று வரும் கடற்காற்று அலை 12 முதல் 15 நாட்டில் ஓடுகிறது. நீங்கள் 18 இல் வந்தால் ஒவ்வொரு அலையையும் தாண்டி அடுத்த பள்ளத்தில் மூக்கைக் குத்துவீர்கள். அலையின் முதுகிலேயே உட்கார்ந்து, அதன் வேகத்தில் வாருங்கள். பின்பக்கம் தூக்கி, படகு குறுக்கே திரும்பப் பார்த்தால் உடனே ஸ்டீயரிங்கில் நேராக்குங்கள்.

முன்னறிவிப்பைப் படிப்பது

ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் கடல்நிலை முன்னறிவிப்பு தருகிறது: அலை உயரம், நீரோட்டம், காற்று. அதில் "அலை 1 மீட்டர்" என்றால் எல்லா அலையும் ஒரு மீட்டர் என்று பொருளில்லை. உயரமான மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரி அது. நாள் முழுக்க இருந்தால் ஏறக்குறைய இரண்டு மடங்கு உயரத்தில் ஒன்று வந்தே தீரும்.

உயரத்தோடு இடைவெளியையும் பாருங்கள். பத்து வினாடி அலைக்கு ஆழ்கடலில் 150 மீட்டருக்கு மேல் நீளம். ஒரு மீட்டர் உயரம் என்றால் தொட்டில்தான். நாலு வினாடி அலைக்கு 25 மீட்டர்தான் நீளம். அதே ஒரு மீட்டர் முதுகெலும்பை உடைக்கும். என் படகில் அரை மீட்டர் குறுகிய அலையில் எதிர்த்து 16, 17 நாட் தாங்கும். ஒரு மீட்டரில் 9, 10 தான். ஒன்றரை என்று போட்டிருந்தால் காசிமேட்டில் மீன் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறேன். கடலில் இருக்கும்போது கண்ணாலேயே பார்க்கலாம்: அலை முடியில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்ளை தெரிந்தால் காற்று 7 முதல் 10 நாட். எங்கு பார்த்தாலும் வெள்ளை என்றால் 11 ஐத் தாண்டிவிட்டது, தூண்டிலைச் சுருட்டுங்கள்.

ஒரு பயணத்தைக் கணக்கிடுவோம்

காசிமேட்டிலிருந்து கோவளம் கடல் வழியாகச் சுமார் 20 கடல் மைல். காலையில் 18 நாட்: ஒரு மணி ஏழு நிமிடம், 21 லிட்டர். திரும்ப பத்து நாட்தான் கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்: இரண்டு மணி நேரம், 30 லிட்டர். மொத்தம் 51. போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு, கையிருப்பு ஒரு பங்கு என்பது பழைய வழக்கம். அதன்படி பாதியைக் கூட்டினால் 76, நான் 80 போடுவேன். 80 லிட்டர் பெட்ரோல் கிட்டத்தட்ட 60 கிலோ. அதையும் எடைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எஞ்சின் மக்கர் செய்து ஐந்தரை நாட்டில்தான் வர முடிகிறது, ஒன்றரை நாட் நீரோட்டம் எதிரே என்றால் தரைக்கு மேல் 4 நாட். 20 மைலுக்கு ஐந்து மணி நேரம். குடிதண்ணீர், டார்ச், சார்ஜ் உள்ள போன், விஎச்எஃப் ரேடியோ எல்லாம் அந்த ஐந்து மணி நேரத்துக்கானவை. லைஃப் ஜாக்கெட் பெட்டிக்குள் இல்லாமல் உடம்பில் இருக்கட்டும். பதிவு, உரிமம், துறைமுக அனுமதி எல்லாம் முடித்த பிறகுதான் இதெல்லாம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கிளம்பும் முன் கரையில் ஒருவரிடம் மூன்று விஷயம் சொல்லுங்கள்: எந்தத் திசை, எத்தனை பேர், எத்தனை மணிக்குத் திரும்புவோம். அந்த மணியைப் பத்து நாட் கணக்கில் சொல்லுங்கள், பதினெட்டில் சொல்லாதீர்கள். பத்து மணிக்குக் கோவளத்தை விட்டுக் கிளம்புவதாக இருந்தால் "பன்னிரண்டுக்கு வந்துவிடுவோம், ஒரு மணி வரை போனும் இல்லை, படகும் இல்லை என்றால் கடலோரக் காவல் படைக்கு 1554 இல் சொல்லிவிடு." நீங்கள் பதினொன்றேகாலுக்கே வந்து சேர்ந்துவிட்டால் முதல் வேலையாக அவருக்கு ஒரு போன் போடுங்கள்.